நாலு கோடி ரூபாய் பாட்டுப்பெட்டி!

பாட்டு கேட்க ஒரு ஜோடி பெட்டி. விலை என்ன தெரியுமா?

6 லட்சத்து 85 ஆயிரம் டாலர்! நம் பணத்தில் நாலு கோடி ரூபாய்க்கு மேல்!

இது கதை அல்ல. அமெரிக்காவில் வில்சன் ஆடியோ என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனி 2017-ம் ஆண்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு வைத்த விலை இது. ஸ்பீக்கர் மட்டும்தான் இந்த விலை. அதை இயக்கும் ஆம்ப்ளிபயருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

"நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

மனைவி கேட்ட கேள்வி

ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிராவிடண்டு பண்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அவருக்கு நாதசுரம் என்றால் உயிர். வீட்டில் நல்ல பாட்டுப்பெட்டி ஒன்று வாங்கிவைக்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை.

"இன்று கடையில் கேட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரு செட் இருக்கிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு செட் இருக்கிறது. பத்து லட்சம் ரூபாய் செட்டில் கேட்டபோது, மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட மாதிரியே இருந்தது!" என்கிறார் அவர்.

மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்கிறாள்:

"ஏங்க, பத்து மடங்கு பணம் கொடுத்தால் பாட்டும் பத்து மடங்கு நன்றாக இருக்குமா?"

நல்ல கேள்வி! கணவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நாம் தேடிப் பார்ப்போம்.

ஒரே தத்துவம்

ஸ்பீக்கர் எப்படிப் பாடுகிறது?

உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அந்தச் சுருளோடு காகிதத்தால் ஆன ஒரு கூம்பு ஒட்டப்பட்டிருக்கிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது முன்னும் பின்னும் ஆடும். கூம்பும் சேர்ந்து ஆடும். கூம்பு காற்றைத் தள்ளும். அதுதான் நம் காதில் பாட்டாகக் கேட்கிறது.

செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பேர் 1925-ம் ஆண்டில் இந்த முறையை நல்ல வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

அதன் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றைக்கும் நாலாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும், நாலு கோடி ரூபாய் ஸ்பீக்கரும் பெரும்பாலும் இதே தத்துவத்தில்தான் பாடுகின்றன!

அப்படியானால் பணம் எங்கே போகிறது?

தேங்காய் மாதிரி தட்டிப் பாருங்கள்

முதலில் பெட்டி.

கூம்பு ஆடும்போது அது இருக்கும் பெட்டியும் அதிரும். பெட்டி அதிர்ந்தால் அதுவும் சேர்ந்து பாடும். பாடகர் பாட்டோடு பெட்டியின் பாட்டும் கலந்துவிடும். குரல் தெளிவாக இராது.

தேங்காய் வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். மலிவான பெட்டி "டொங்" என்று ஒலிக்கும். நல்ல பெட்டி "டக்" என்று கல் மாதிரி அடங்கிவிடும்.

நடுத்தர விலைப் பெட்டிகளை அழுத்திய மரத்தூள் பலகையால் செய்கிறார்கள். உயர்ந்த விலைப் பெட்டிகளில் பலகை தடியாக இருக்கும். உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்திருப்பார்கள். சில கம்பெனிகள் கனத்த அலுமினியத் தகடுகளைத் திருகி இறுக்கிப் பெட்டி செய்கின்றன. அத்தகைய பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும்!

இந்தச் செலவுக்குப் பலன் உண்டு. ஆனால் நடுத்தர விலையில் உள்ள நல்ல பெட்டியே பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். அதற்கு மேல் பணம் கொட்டினால் கிடைப்பது மிச்சம் இருக்கும் சிறு அதிர்வைக் குறைக்கும் வேலைதான்.

வைரம் பாடுகிறது!

நம் காதுக்கு வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலி கேட்கும். 20 என்றால் அடியில் உறுமும் ஒலி. 20,000 என்றால் ஊசி முனை போன்ற கீச்சொலி.

கீச்சொலிக்கு என்று ஸ்பீக்கரில் தனியாக ஒரு சின்னக் குமிழ் உண்டு. இந்தக் குமிழ் லேசாக இருக்க வேண்டும். வளையவும் கூடாது. நடுத்தர விலை ஸ்பீக்கரில் பட்டுத் துணியிலோ, அலுமினியத்திலோ இதைச் செய்கிறார்கள்.

பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி 2005-ம் ஆண்டில் என்ன செய்தது தெரியுமா? அந்தக் குமிழை வைரத்தால் செய்தது! சுரங்கத்தில் எடுத்த வைரம் அல்ல. தொழிற்சாலையில் வளர்த்த வைரம். வினாடிக்கு ஏறத்தாழ 70,000 அதிர்வு வரை அது தன் வடிவம் மாறாமல் ஆடும் என்கிறார்கள்.

கெட்டிக்கார வேலைதான். ஆனால் நம் காது 20,000-க்கு மேல் கேட்காதே! அதுவும் இளமையில்தான். வயது ஏற ஏற மேல் ஒலி கேட்பது குறையும். அறுபது வயதில் பலருக்கு 12,000-க்கு மேல் கேட்பது இல்லை.

வைர ஸ்பீக்கர் வாங்கப் பணம் சேரும் வயதில், அதன் கீச்சொலியைக் கேட்கக் காது இராது!

அடியில் உறுமும் ஒலி

உயர்ந்த விலை ஸ்பீக்கர் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. அது அடி ஒலி.

அடி ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். பெரிய பெட்டி வேண்டும். ஆறு அங்குலக் கூம்பு உள்ள நடுத்தர ஸ்பீக்கர், 50 அதிர்வு வரை இறங்கும். அதற்குக் கீழே அதன் மூச்சு அடங்கிவிடும். பெரிய ஸ்பீக்கர்கள் 25, 20 வரை இறங்குகின்றன. சத்தமாக வைத்தாலும் திணறுவது இல்லை.

இது உங்களுக்குத் தேவையா? நீங்கள் கேட்கும் பாட்டைப் பொறுத்தது.

ஐரோப்பாவின் பெரிய மாதாகோவில்களில் உள்ள ஆர்கன் வாத்தியம் 16 அதிர்வு வரை இறங்கும். சினிமாவில் குண்டு வெடிக்கும் சத்தமும் அப்படித்தான் இறங்கும். ஆனால் ஆண்களின் பாட்டுக் குரல் 80-க்குக் கீழே அதிகம் போவது இல்லை. பெண்களின் குரல் அதற்கும் மேலே நிற்கும். நாதசுரமும் புல்லாங்குழலும் மேலேயே உலாவுகின்றன.

நாதசுரம் கேட்க ஆசைப்படுகிறவருக்கு, ஆர்கனுக்கான பெட்டி எதற்கு?

கனமான ஆம்ப்ளிபயர்

அடுத்தது ஆம்ப்ளிபயர். பாட்டின் சிறு மின்சாரத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது இதன் வேலை.

உயர்ந்த விலை ஆம்ப்ளிபயர் 40 கிலோ, 50 கிலோ கூட இருக்கும். உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். பெரிய கூடத்தில், மின்சாரத்தை அதிகம் இழுக்கும் ஸ்பீக்கரைச் சத்தமாகப் பாட வைக்க அது உதவும்.

வீட்டு அறைக்கு அவ்வளவு தேவை இல்லை. அளவான சத்தத்தில் பாட்டு கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலான நேரம் ஒரு வாட், இரண்டு வாட்தான்!

"இது 50 வாட், அது 100 வாட்" என்று கடையில் சொல்வார்கள். இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வாட் இரண்டு மடங்கு ஆனால் சத்தம் கொஞ்சம்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற, பத்து மடங்கு வாட் வேண்டும்.

கண்ணால் பாராமல் ஒரு பரீட்சை

அமெரிக்காவில் "ஸ்டீரியோ ரிவ்யூ" என்று ஒரு பத்திரிகை இருந்தது. 1987-ம் ஆண்டில் அந்தப் பத்திரிகை ஒரு பரீட்சை நடத்தி முடிவை வெளியிட்டது.

பல ஆம்ப்ளிபயர்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்றின் விலை சுமார் 220 டாலர். மற்றொன்றின் விலை 12,000 டாலர். எது பாடுகிறது என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்தார்கள்.

"வித்தியாசம் நன்றாகத் தெரியும்" என்று அடித்துச் சொன்னவர்களும் கேட்க வந்திருந்தார்கள்.

முடிவு என்ன? யாராலும் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை! கண்ணை மூடிக்கொண்டு "இது, அது" என்று சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அத்தனைதான் வந்தது.

இன்னொரு பரீட்சை. இது பாட்டுப் பதிவைப் பற்றியது.

1982-ம் ஆண்டில் சி.டி. இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து பதிந்த தட்டு அது. பின்னால், அதைவிட நுட்பமாகப் பதிந்த விலை உயர்ந்த தட்டுகள் வந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரிகிறதா என்று மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சோதித்தார்கள். 2007-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

மொத்தம் 554 சோதனைகள். சரியான விடை எத்தனை? 276!

பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிட்டு, தலையா பூவா பார்த்திருந்தாலும் இதே பலன்தான் கிடைத்திருக்கும்.

காது கேட்கவில்லை, கண் கேட்கிறது!

ஸ்பீக்கர் விஷயம் வேறு. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும்.

பிளாயிட் டூல் என்ற விஞ்ஞானி இதைக் கனடாவில் பல ஆண்டுகள் சோதித்தார். அவர் கண்ட உண்மை இது: எந்தக் கம்பெனி, என்ன விலை என்று தெரியாமல் கேட்டால், பெரும்பாலோர் ஒரே மாதிரி ஸ்பீக்கரைத்தான் நல்லது என்கிறார்கள்.

அது எப்படிப்பட்ட ஸ்பீக்கர்? அடி ஒலி, நடு ஒலி, மேல் ஒலி எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் கொடுக்கும் ஸ்பீக்கர். சாம்பாரில் உப்பு, புளி, காரம் அளவாக இருந்தால் எல்லோருக்கும் பிடிக்கிறது அல்லவா? அது மாதிரிதான்.

பிறகு 1994-ம் ஆண்டில் டூலும், ஷான் ஆலிவ் என்ற மற்றொரு ஆராய்ச்சியாளரும் வேடிக்கையான ஒரு சோதனை செய்தார்கள். 40 பேரை உட்கார வைத்தார்கள். எல்லோரும் ஸ்பீக்கர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். சில ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பாட வைத்து, மார்க் போடச் சொன்னார்கள். பிறகு திரையை எடுத்துவிட்டு, மறுபடியும் மார்க் போடச் சொன்னார்கள்.

திரை இருந்தபோது விலை குறைந்த சின்ன ஸ்பீக்கருக்கு நல்ல மார்க். திரையை எடுத்ததும் அதன் மார்க் இறங்கிவிட்டது! பெரிய, பளபளப்பான ஸ்பீக்கருக்கு மார்க் ஏறிவிட்டது!

பாட்டு மாறவில்லை. ஸ்பீக்கர் மாறவில்லை. கண் திறந்தது, மார்க் மாறியது!

மெத்தை செய்த மாயம்

இன்னும் முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குக் கடையில் விலைச்சீட்டு கிடையாது. அதுதான் அறை!

1895-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு பிரசங்க மண்டபம் கட்டினார்கள். ஆனால் அங்கே பேசினால் ஒன்றும் புரியவில்லை. சொன்ன சொல் ஏறத்தாழ ஐந்தரை வினாடி நேரம் மண்டபத்தில் சுற்றிச் சுற்றி ஒலித்தது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்துவிட்டது!

இதைச் சரி செய்யும் வேலையை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவருக்கு வயது 27.

அவர் என்ன செய்தார்? பக்கத்தில் இருந்த அரங்கத்தின் நாற்காலி மெத்தைகளை எடுத்துவரச் செய்தார். ஊர் தூங்கிய பிறகு, மெத்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்டபத்தில் பரப்பினார். ஒரு குழலை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்தார்.

மெத்தை கூடக் கூட, எதிரொலி குறைந்தது. எல்லா மெத்தையையும் போட்டபோது, ஐந்தரை வினாடி ஒரு வினாடி அளவுக்கு வந்துவிட்டது!

இந்தச் சோதனையில் பிறந்த கணக்கை வைத்துத்தான் 1900-ம் ஆண்டில் பாஸ்டன் நகரின் இசை மண்டபத்தைக் கட்டினார்கள். உலகின் மிகச்சிறந்த இசை மண்டபங்களில் ஒன்று என்று இன்றும் அதைப் புகழ்கிறார்கள்.

நம் வீட்டு அறை

இப்போது நம் வீட்டைப் பாருங்கள்.

கீழே மொசைக் தரை அல்லது டைல்ஸ். மேலே கான்கிரீட் கூரை. நாலு பக்கமும் வழவழப்பான சுவர். அறையின் நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். "ட்ரிங்" என்று எதிரொலி கேட்கிறதா? அந்த அறையில் பத்து லட்சம் ரூபாய் செட்டை வைத்தாலும் பாட்டு தெளிவாக வராது!

என்ன செய்யலாம்?

தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் கனத்த திரை போடுங்கள். சுவர் ஓரம் புத்தக அலமாரி வையுங்கள். மெத்தை, திண்டு, தலையணை எல்லாம் எதிரொலியைக் குடிக்கும்.

ஒரு ஸ்பீக்கரைப் பீரோ மேலும், ஒன்றைத் தரையிலும் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கீச்சொலிக் குமிழ், உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். மூலையில் திணிக்காமல், சுவரை விட்டு ஓர் அடி, இரண்டு அடி தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழு அடி என்றால், நீங்களும் அவற்றுக்கு ஏழு அடி தூரத்தில் உட்காருங்கள்.

அடி ஒலி ஓரிடத்தில் "கும் கும்" என்று இடிக்கும். இரண்டு அடி தள்ளினால் காணாமல் போய்விடும். சுவருக்குச் சுவர் மோதும் ஒலியின் வேலை இது. நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல இடம் தானே தெரியும்.

இதற்கு எல்லாம் என்ன செலவு? ஜமக்காளத்தின் விலைதான்!

கடைக்குப் போனால்...

வாங்கப் போகும்போது இவற்றை மறக்காதீர்கள்:

உங்களுக்கு நன்றாகப் பழக்கமான பாட்டையே போடச் சொல்லுங்கள். தெரிந்த குரலில்தான் குறை தெரியும்.

இரண்டு செட்டையும் ஒரே அளவு சத்தத்தில் கேளுங்கள். ஒன்று கொஞ்சம் சத்தமாகப் பாடினால், காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். ஏமாறுவது இங்கேதான்!

விலையைக் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வீட்டில் உள்ள பெண்களையும் பிள்ளைகளையும் கேட்க வையுங்கள். இளம் காது கூர்மையான காது.

பணத்தில் பெரும் பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். ஆம்ப்ளிபயருக்கு அளவாகக் கொடுங்கள். "ஆயிரக்கணக்கில் விலை உள்ள கம்பி போட்டால் பாட்டு மாறும்" என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பத்து, பதினைந்து அடி தூரத்துக்குச் சாதாரண செப்புக் கம்பி, கொஞ்சம் தடியாக இருந்தால் போதும்.

அப்படியானால் பத்து லட்சம் ரூபாய் செட் மோசடியா? இல்லை. பெரிய கூடம், நிறையப் பணம், ஆழ்ந்த ரசனை - மூன்றும் உள்ளவருக்கு அது இன்பம் தரும். அடி ஒலி இறங்கும். சத்தம் கூடினாலும் குரல் கலங்காது. பெட்டி வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். ஆனால் மலிவான செட்டில் இருந்து நடுத்தர செட்டுக்கு ஏறுவது பெரிய படி. நடுத்தரத்தில் இருந்து உச்சிக்கு ஏறுவது சின்னப் படி. சின்னப் படிக்குத்தான் விலை அதிகம்!

கணவர் முடிவு

நம் கணவர் மறுபடியும் கடைக்குப் போகிறார். இந்தத் தடவை மனைவியையும் அழைத்துப் போகிறார். கண்ணை மூடிக்கொண்டு இருவரும் கேட்கிறார்கள். ஒன்றே கால் லட்சம் ரூபாயில் ஒரு செட் பிடித்துப்போகிறது. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு ஜமக்காளம் வாங்குகிறார்கள்.

அன்று மாலை கூடத்தில் நாதசுரம் ஒலிக்கிறது. கணவர் கண்ணை மூடித் தாளம் போடுகிறார்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறதுங்க. மீதிப் பணம் பாங்கியில் இருக்கட்டும். கோவில் திருவிழா வரும் அல்லவா? அப்போது நேரிலேயே போய் உட்கார்ந்து கேட்போம்!" என்கிறாள் மனைவி.

நாலு கோடி ரூபாய் பெட்டியும் எதைப் போலப் பாட முயற்சி செய்கிறது? அந்த நேரிலே கேட்கும் நாதசுரத்தைப் போலத்தானே!